கிணற்றடி பேட்டரிக்கு மொட்டைமாடியில் வைத்தியம்

லோராவான் என்கிற, குறைந்த மின்சாரத்தில் ரொம்ப தூரம் பேசும் ரேடியோ முறையில் ஓடும் சென்சார்களை விற்கிறவர்கள் எல்லோரும் இரண்டு எண்களைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். தூரம் 15 கிலோமீட்டர், பேட்டரி 10 வருடம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. 15 கிலோமீட்டர் எட்ட வேண்டுமென்றால் 10 வருடத்தை மறந்துவிட வேண்டும், 10 வருடம் வேண்டுமென்றால் தூரத்தை மறந்துவிட வேண்டும். எங்கள் விளையில் (தோட்டத்தில்) இருக்கும் கிணற்றுக்கு நீர்மட்டம் பார்க்கிற சென்சார் ஒன்று வைத்தேன், அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வீடு கருங்கலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேட்டில். விளை அங்கிருந்து நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர் இருக்கும், பைக்கில் போனால் இறங்கி ஏறிச் சுற்றி அதைவிட ரொம்ப அதிகம். ஏத்தன் வாழையும் மட்டி வாழையும் போட்டிருக்கிறோம், ஓரத்தில் தென்னை, ஒரு மூலையில் மரச்சீனி (மரவள்ளி). பக்கத்தில் பட்டணங்கால் பாசன சானலின் (வாய்க்காலின்) கிளை ஓடுகிறது. அதனால் எங்கள் கிணற்றுக்கு ஒரு குணம் உண்டு: சானலில் தண்ணீர் ஓடினால் ஊற்று பிடித்துத் தானாக ஏறும், சானலை அடைத்தால் மெல்ல இறங்கும். பேச்சிப்பாறை அணையில் சாதாரணமாக ஜூனில் திறப்பார்கள். திறந்தார்கள் என்று செய்தி வருவது ஒன்று, அந்தத் தண்ணீர் மாத்தூர் தொட்டிப்பாலம் தாண்டி, கிளை பிரிந்து, நம்ம பக்கம் வந்து சேர்வது இன்னொன்று. அப்பாவுக்கு முட்டு வலி. தினமும் காலையில் "மக்களே, சானல்ல தண்ணி வந்தாச்சான்னு பாத்தியா?" என்று கேட்பார். நான் அந்நேரம் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருப்பேன். சானலில் போய் நாம் எதையும் மாட்ட முடியாது, அது நீர்வளத்துறை சொத்து. கிணறு நம்முடையது, சானலின் நிலவரத்தை அது எப்படியும் சொல்லிவிடும்.

சிம் கார்டு போட்ட கருவி வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். மாதாமாதம் ரீசார்ஜ், பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும், அந்த மோடம் டவரைத் தேடும்போது ஆம்பியர் கணக்கில் கரண்டை இழுக்கும். வைஃபை அவ்வளவு தூரம் வராது. லோரா மட்டும்தான் மிச்சம். லோரா என்பது ரேடியோ முறை, லோராவான் என்பது அதன் மேல் ஓடும் நெட்வொர்க் விதிமுறை.

லோரா எப்படி வேலை செய்கிறது என்று நீளமாக எழுதப் போவதில்லை. பிரான்சில் சைக்ளியோ என்ற சின்ன கம்பெனி உருவாக்கியது, 2012-ல் செம்டெக் என்ற சிப் கம்பெனி அதை வாங்கியது. அலைவரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வழுக்கிக்கொண்டே அனுப்புவதுதான் இதன் வித்தை. அப்படி அனுப்பினால் இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் சிக்னலைக்கூட எதிர்முனை பொறுக்கி எடுத்துவிடும். எவ்வளவு நிதானமாக வழுக்குகிறது என்பதற்குத்தான் எஸ்எஃப் என்று ஒரு எண், 7-லிருந்து 12 வரை. பொற்றைக்கு (குன்றுக்கு) அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடும்போது பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறோம் இல்லையா, எஸ்எஃப்12 அந்த மாதிரி. தூரம் எட்டும், ஆனால் மூச்சு வாங்கும்.

எவ்வளவு மூச்சு வாங்கும் என்று பார்ப்போம். என் சென்சார் அனுப்புவது வெறும் நான்கு பைட், இரண்டு பைட் பேட்டரி மின்னழுத்தம், இரண்டு பைட் தண்ணீர் வரையிலான தூரம். லோராவானின் சொந்த உறை 13 பைட் சேர்த்து மொத்தம் 17. இதை எஸ்எஃப்7-ல் அனுப்ப சுமார் 51 மில்லிசெகண்ட் போதும். எஸ்எஃப்12-ல் அனுப்ப 1.3 செகண்டுக்கும் மேல். அதே செய்தி, அதே நான்கு பைட், 25 மடங்கு நேரம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் ஒரு நாளைக்கு 72 செய்தி. அனுப்பும்போது 120 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஃப்12-ல் ஒரு வருடத்துக்கு 1150 மில்லிஆம்பியர்-மணி போலப் போகும், எஸ்எஃப்7-ல் வெறும் 45. நான் போட்டிருப்பது இஆர்26500 என்கிற லித்தியம் தயோனில் குளோரைடு செல், 8500 மில்லிஆம்பியர்-மணி அளவு கொள்ளும். அது சும்மா அலமாரியில் இருந்தாலே வருடத்துக்கு ஒரு சதவீதம் வற்றும், அதுவே 85. அதாவது எஸ்எஃப்7-ல் ஓடும்போது பேசுவதற்குச் செலவாவதைவிட சும்மா இருந்து வற்றுவது அதிகம்! அந்த நிலைக்கு வந்துவிட்டால் அப்புறம் ரேடியோவைப் பற்றிக் கவலையே வேண்டாம், சென்சார் தலையும் தூங்கும்போது இழுக்கிற மைக்ரோ ஆம்பியரும்தான் கணக்கு. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் 20 வருடம்கூட வரும். அதை நான் நம்பவில்லை, கிணற்றங்கரை வெயிலில் எந்த செல்லும் அவ்வளவு நாள் நல்லபடியாக இருக்காது.

அவசரப்பட்டு 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லி, சிக்னல் மோசமாகி எஸ்எஃப்12-லும் மாட்டிக்கொண்டால் இதே பெரிய செல் இரண்டு வருடம்கூடத் தாங்காது. கிணற்றுத் தண்ணீர் 5 நிமிடத்தில் எங்கே போய்விடப் போகிறது? இன்னொன்று, வீட்டில் சொந்த சர்வர் வைக்காமல் தி திங்ஸ் நெட்வொர்க்கின் இலவச சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 30 செகண்ட்தான் பேச்சு நேரம் என்று ஒரு நியாய விதி இருக்கிறது. எஸ்எஃப்12-ல் என்றால் 22 செய்தியோடு அது தீர்ந்துவிடும், மணிக்கு ஒன்றுகூட அனுப்ப முடியாது. நான் ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினியில் சர்ப்ஸ்டாக் என்ற சர்வர் மென்பொருளைப் போட்டுக்கொண்டேன், சென்சார் பேசுவதைக் கேட்டு சர்வருக்குக் கொடுக்கிற கேட்வேயும் அதுவும் வீட்டு ரவுட்டரோடு ஒரே இன்வெர்ட்டரில் ஓடுகின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் அலைவரிசை. நம் நாட்டில் 865-லிருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், அதில் 867 வரையுள்ள பகுதிக்கு லோராவானில் பெயர் ஐஎன்865. ஆன்லைனில் 868 என்று போட்டு மலிவாக வருவதெல்லாம் ஐரோப்பாவுக்கானவை. சில கருவிகளில் சாஃப்ட்வேரில் மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் முடியாது. சென்சார் முதலில் நெட்வொர்க்கில் சேர்வதற்கு ஐஎன்865-ல் மூன்றே சேனல்கள்: 865.0625, 865.4025, 865.985. கேட்வேயில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் சென்சார் கூப்பிடுவது காதில் விழுந்துவிடும். கேட்வேயும் சென்சாரும் வேறு வேறு பிராந்தியத்தில் செட் ஆகியிருந்தால் இரண்டும் பக்கத்து பக்கத்து மேசையில் இருந்தாலும் ஒன்றை ஒன்று தெரியாது. ஆன்டெனா மாட்டாமல் மட்டும் எதையும் ஆன் செய்து பார்க்காதீர்கள், அனுப்பும் சக்தி போக இடமில்லாமல் திரும்பி வந்து சிப்பையே கெடுத்துவிடலாம்.

சென்சாரை சர்வரில் பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. பெட்டிக்குள் ஒரு ஸ்டிக்கரில் மூன்று நீளமான எண்கள் இருக்கும்: டெவ்இயுஐ (கருவியின் அடையாளம்), ஜாயின்இயுஐ (சேர்த்துக்கொள்ளும் சர்வரின் அடையாளம், பழைய கருவிகளில் ஆப்இயுஐ), ஆப்கீ (ரகசியச் சாவி). முதல் இரண்டும் 16 எழுத்து, கடைசி 32. ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிணற்றங்கரையில் வைத்து மழையில் நனைந்த ஸ்டிக்கரை வாசிக்க முடியாது. ஆப்கீ காற்றில் போவதே இல்லை, இரண்டு பக்கமும் அதை வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு மறைமொழிச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. அதனால் அந்த ஸ்டிக்கர் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இது எங்க அடிக்கணும்" என்று கேட்க வேண்டாம். கருவியைச் சேர்த்து, பிராந்தியம், லோராவான் பதிப்பு இரண்டையும் கருவியின் கையேட்டில் உள்ளபடி கொடுத்து, பேட்டரியைப் போட்டால் ஜாயின் கோரிக்கை வரும், பதில் போகும், முடிந்தது. பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் சில கருவிகள் பழைய கோரிக்கை எண்ணையே திரும்ப அனுப்பும், சர்வர் அதை நகல் என்று தள்ளிவிடும். அப்போது சர்வரில் அந்தக் கருவியின் பழைய எண்களை அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

இந்த செல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுசு என்று கடையில் கொடுப்பார்கள், மல்டிமீட்டரில் 3.6 வோல்ட் காட்டும், கருவியில் போட்டால் விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்துவிடும். கடைக்காரர் செல் நல்ல செல் என்பார், கருவி விற்றவர் கருவி நல்ல கருவி என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ரொம்ப நாள் சும்மா கிடந்த இந்த வகை செல்லில் லித்தியத்தின் மேல் ஒரு மெல்லிய உப்புப் படலம் படியும். வருடக்கணக்கில் வற்றாமல் இருப்பதற்கு அந்தப் படலம்தான் காரணம், ஆனால் திடீரென்று நூறு மில்லிஆம்பியர் கேட்டால் அதே படலம் குறுக்கே நிற்கும், மின்னழுத்தம் படுத்துவிடும், கருவி ரீசெட் ஆகிவிடும். 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நிமிடம் முனைகளில் பிடித்தால் படலம் உடைந்து செல் எழுந்துகொள்ளும். கூடவே கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்து விற்கிற செல்லும் கிடைக்கிறது, அதை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. இதை சார்ஜ் போட முயற்சி செய்யவே கூடாது, நேரடியாக ஷார்ட் செய்யவும் கூடாது, வெடிக்கும். இன்னொரு வேடிக்கை, தீர்ந்துபோகும் கட்டம் வரைக்கும் இது 3.6-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். மின்னழுத்தத்தைப் பார்த்து இன்னும் பாதி இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாருங்கள்.

கிணற்றில் மாட்டுவது தனி வேலை. எங்கள் கிணற்றுக்கு மேல் இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறது, ஆன்டெனாவை அதற்குக் கீழே வைத்தால் கூண்டுக்குள் வைத்தது போலத்தான். அதனால் பெட்டியை வெளியே ஒரு பிவிசி பைப்பின் தலையில் ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி மாட்டி, சென்சார் தலையை மட்டும் வயரில் உள்ளே இறக்கினேன். இது மீயொலி அடித்து எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிற வகை. ஒலி நேராக ஊசி போலப் போகாது, விரிந்துகொண்டே போகும். சுவரில் இறங்குவதற்காகப் பதித்திருக்கும் படிக்கல், மோட்டார் பைப், முளைத்துத் தொங்கும் பெரணி எல்லாம் தண்ணீருக்கு முன்னால் பதில் சொல்லிவிடும். கிணற்றுக்குக் குறுக்கே ஒரு பைப் போட்டு நட்டநடுவில், மோட்டார் பைப்புக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று விலக்கித் தொங்கவிட்ட பிறகுதான் எண் நிலையாக நின்றது. சிலந்தி வலை பின்னுவதைத் தடுக்க வழி தெரியவில்லை, எண் திடீரென்று கிறுக்குப் பிடித்தால் போய்த் துடைக்க வேண்டியதுதான். கேபிள் நுழையும் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் பார்த்து வைத்து கிளாண்ட் போட்டு இறுக்கினேன், வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுவந்தால் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். தூசும் தண்ணீரும் புகாது என்று பெட்டியில் போட்டிருக்கும் ஐபி67 தரமெல்லாம் எறும்புக்கு ஒரு பொருட்டு இல்லை, ரப்பர் வாஷரில் ஒரு இழை இடைவெளி இருந்தால் குடித்தனம் வந்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்து சர்வர் லாகைப் பார்த்தால் செய்தி வந்துகொண்டிருந்தது. சந்தோஷம். ஆனால் பக்கத்தில் இருந்த எண்கள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை: ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னலின் பலம்) மைனஸ் 118, எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எத்தனை டெசிபல் மேலே என்பது) மைனஸ் 9, எஸ்எஃப்10. கேட்வே ஆன்டெனா அப்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்தது. வீட்டைச் சுற்றி எல்லாம் தென்னை, நம்ம ஊரில் தென்னை இல்லாத திசை எது. இந்த அலைவரிசையில் மழைத்துளி பெரிய தடை இல்லை, மழையில் நனைந்த ஓலைதான் தடை. நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் அலை ஒரு பருத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் 13 மீட்டர் போல வரும், அதில் முக்கால்வாசி இல்லாவிட்டாலும் 60 சதவீதமாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். கிணற்றடியில் பெட்டியை உயர்த்த வழியில்லை, வாழைக்குலை வெட்டுகிறவர்கள் தட்டிவிடுவார்கள். உயர்த்த முடிந்த ஒரே இடம் வீட்டு மாடிதான்.

20 அடி ஜிஐ பைப் ஒன்று, அதன் தலையில் ஆன்டெனா. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கேட்வேயைக் கீழே அறைக்குள் வைத்துவிட்டு மெல்லிய கோஆக்ஸ் வயரை மேலே இழுத்தால், சாதாரண ஆர்ஜி58 வயர் ஒரு மீட்டருக்கு அரை டெசிபல் போலத் தின்றுவிடும், பத்து பன்னிரண்டு மீட்டரில் உயர்த்திய பலன் பாதி போய்விடும். கேட்வேயையே பெட்டியில் அடைத்து பைப்பில் மேலே ஏற்றி, கீழிருந்து ஒரே ஈதர்நெட் வயரில் கரண்டையும் நெட்டையும் அனுப்புவதுதான் சரி. ஆன்டெனா கனெக்டரைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள், கடல் காற்று இங்கே பித்தளையைக்கூட விட்டுவைக்காது. ஐப்பசி இடியை நினைத்து, பைப்புக்கு எர்த்தும் ஆன்டெனாவுக்கு ஒரு மின்னல் அரெஸ்டரும் கட்டாயம். நேராக விழுகிற இடிக்கு இதுவும் நிற்காது, பக்கத்தில் விழுவதற்கு நிற்கும்.

பைப் ஏறியதும் ஊர் விசாரணை ஆரம்பமானது. செல்போன் டவரா, கதிர்வீச்சு வராதா, மாசம் வாடகை எவ்வளவு தருவான். பக்கத்து வீட்டு மாமாவுக்கு அப்பா பதில் சொன்னார்: "அது பேசுது விளையில, இது சும்மா கேட்டுட்டு இருக்கு. அதும் ஒரு நாளைக்கு நாலு செகண்டு பேசாது." கணக்கு சரிதான், 51 மில்லிசெகண்ட் வீதம் 72 தடவை என்றால் 3.7 செகண்ட்.

அந்தக் கணக்கு எப்படி எஸ்எஃப்7-க்கு வந்தது என்றால், ஆன்டெனாவை உயர்த்திய பிறகு எஸ்என்ஆர் மைனஸ் 9-லிருந்து பிளஸ் 4-க்கு வந்தது. சர்வரில் சிக்னலைப் பார்த்து எஸ்எஃப்பைத் தானாக மாற்றச் சொல்லும் ஏடிஆர் என்று ஒன்று இருக்கிறது. அது கடைசி 20 செய்திகளில் சிறந்த எஸ்என்ஆரை எடுத்துக்கொள்ளும். எஸ்எஃப்10-க்குக் குறைந்தது மைனஸ் 15 வேண்டும், நமக்கு வருவது பிளஸ் 4, ஆக 19 டெசிபல் மிச்சம். அதில் 10-ஐப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கிவிட்டு மீதி 9-ஐ மூன்று மூன்றாக வகுக்கும், மூன்று படி. எஸ்எஃப்10-லிருந்து மூன்று படி இறங்கினால் எஸ்எஃப்7. விளைக்குப் போகாமல், பெட்டியைத் தொடாமல், அந்த செல்லின் செலவை வீட்டு மாடியிலிருந்தே குறைத்தாயிற்று. பழைய நிலையில் மைனஸ் 9 இருந்தபோது மிச்சம் 6-தான், 10 டெசிபல் ஒதுக்கவே போதாது, அதனால் அது நகரவே இல்லை. நகரும் பொருளில் மாட்டியிருந்தால் ஏடிஆரை அணைத்து வையுங்கள், கிணறு நகராது. செய்தி கிடைத்ததா என்று ஒவ்வொரு தடவையும் உறுதி கேட்கிற வசதியையும் அணைத்துவிடுங்கள், பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பி செல்லைக் குடிக்கும். 72-ல் இரண்டு மூன்று தொலைந்தால் குடி முழுகிப் போகாது.

வருகிற பைட்டை எண்ணாக்குவது சுலபம். தூரத்துக்கு 10 68 என்று வந்தால் இவை பதினாறின் அடிமானத்தில் உள்ளவை, முதலாவது 16, இரண்டாவது 104. 16-ஐ 256-ஆல் பெருக்கி 104-ஐக் கூட்டினால் 4200 மில்லிமீட்டர், அதாவது சென்சாருக்குக் கீழே 4.2 மீட்டரில் தண்ணீர். சர்ப்ஸ்டாக்கில் இதற்கு நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அதை வரைபடமாகப் பார்க்கும்போதுதான் சுவாரசியம். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் ரம்பப் பல் போல இறங்கி ஏறும். சானல் அடைத்திருக்கும்போது பல்லின் உச்சி நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போகும். தண்ணீர் வந்தால் உச்சி தாழ்வது நிற்கும், அப்புறம்தான் ஏற ஆரம்பிக்கும். அப்பா இப்போது ஏறுவதற்கெல்லாம் காத்திருப்பதில்லை, தாழ்வது நின்றதைப் பார்த்தே "வந்தாச்சு" என்று சொல்லிவிடுகிறார்.

கேட்கிறவர்கள் அடுத்துக் கேட்பது, தண்ணீர் குறைந்தால் இதுவே மோட்டாரை நிறுத்துமா என்பது. நிறுத்தாது, இதை வைத்து அதைச் செய்யவும் கூடாது. பேட்டரியில் ஓடும் இந்த வகைக்கு கிளாஸ் ஏ என்று பெயர். தான் பேசி முடித்து ஒரு செகண்ட் கழித்து ஒரு தடவை, இரண்டு செகண்ட் கழித்து இன்னொரு தடவை காதைத் திறக்கும், அவ்வளவுதான், மீதி நேரம் தூக்கம். நாம் அனுப்புகிற கட்டளை அடுத்த 20 நிமிடம் வரை சர்வரிலேயே காத்துக் கிடக்கும், அதற்குள் மோட்டார் வறண்டு ஓடிப் புகைந்திருக்கும். அதற்கு எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கிற கிளாஸ் சி கருவி வேண்டும், அது கரண்டில் ஓட வேண்டும், மோட்டார் ஷெட்டில் கரண்ட் இருக்கிறது. ஆனாலும் வறண்டு ஓடுவதைத் தடுக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு டிரை ரன் ரிலே போட்டுவிடுவதுதான் நல்லது, வீட்டில் நெட்டும் கரண்டும் போனாலும் அது தன் வேலையைச் செய்யும். எங்கள் ஷெட்டில் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து அதைத்தான் மாட்டிவிட்டுப் போனார்.